செயினா, கேபிளா, காந்தமா: நம்ம மலையில் ரோலர் கோஸ்டரை எது ஏற்றும்?

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்குப் போனால் சனத்துக்குள் நகர முடியாது. அப்படி ஒரு சீசனில் அக்கா மகனோடு போயிருந்தேன். சின்னப் பிள்ளைகள் ஏறுகிற ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டு அவித்த சோளம் தின்றுகொண்டிருந்தபோது அவன் கேட்டான்: “மாமா, இந்த மலையில ஒரு ரோலர் கோஸ்டர் போட்டா, மேல ஏத்துறதுக்கு எதைப் போடுவீங்க?”

அவன் பேராதனையில் பொறியியல் படித்தவன், மின்சாரப் பக்கம். நான் தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், 28 வருஷம் பிட்டர். செயின், பெல்ட், வின்ச் என்று கிரீஸில் ஊறின கை. நான் செயின் என்றேன், அவன் காந்தம் என்றான். அன்றைக்குத் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கணக்கு. ஆட்களோடு சேர்த்து வண்டித்தொடர் 10 டன், ஏற வேண்டிய உயரம் 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எதைக் கொண்டு ஏற்றினாலும் அதற்கு வேண்டிய ஆற்றல் ஒன்றுதான்: கிட்டத்தட்ட 39 லட்சம் ஜூல். மின்சார பில்லில் பார்த்தால் ஒரு யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அயன் பெட்டியை ஒரு மணி நேரம் போட்டுவைத்தால் ஓடுகிற அளவு. ஆகவே “எவ்வளவு கரண்ட் தின்னும்” என்பது முதல் கேள்வியே இல்லை. அந்த ஒரு யூனிட்டை எத்தனை விநாடிக்குள் கேட்கிறது என்பதுதான் கேள்வி.

செயினை எடுத்துக்கொள்வோம். 30 பாகைச் சரிவு என்றால் 40 மீட்டர் ஏற 80 மீட்டர் தூரம் வேண்டும். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் 40 விநாடி. உராய்வை விட்டுவிட்டால் சுமார் 100 கிலோவாட். உராய்வையும் சேர்த்துக் கொஞ்சம் பெரிய மோட்டாராகப் போட்டாலும் அது ஸ்டோர் ஆட்கள் மிரண்டு போகிற அளவு இல்லை. செயின் தாங்க வேண்டிய இழுவை சுமார் 5 டன். அதே தொடரை ஏற்றாமல், அந்த உயரத்துக்குச் சமமான வேகத்துக்கு, அதாவது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு, 4 விநாடியில் காந்தத்தால் உந்தி விடுவதென்றால் சராசரியாக 1 மெகாவாட் வேண்டும். ஒரே சீரான தள்ளல் என்றால் கடைசி நொடியில் அது 2 மெகாவாட்டைத் தொடும். யூனிட் ஒன்றுதான், ஆனால் கேட்கிற விதம் வேறு.

செயினுக்கு வயது அதிகம். 1884இல் நியூயோர்க் கோனி ஐலண்டில் ஓடிய முதல் சறுக்கு ரயிலில் ஆட்களை இறக்கிவிட்டு, வேலையாட்கள் வண்டியை மேட்டில் தள்ளினார்கள். அடுத்த வருஷமே நீராவி எந்திரத்தோடு சங்கிலி வந்துவிட்டது. 1910இல் ஜான் மில்லர் என்பவர் வண்டி பின்னால் உருளாதபடி பல்லும் நாக்கும் வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். மேட்டில் ஏறும்போது கேட்கிற அந்த ‘டக் டக் டக்’ செயினின் சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அது அந்த நாக்கு ஒவ்வொரு பல்லாகத் தாண்டி விழுகிற சத்தம். கரண்ட் போனாலும் செயின் அறுந்தாலும் வண்டி அடுத்த பல்லிலேயே நின்றுவிடும். பக்கத்தில் இருக்கிற படியில் ஆட்களை இறக்கிக்கொள்ளலாம். 100 வருஷத்துக்கு முந்திய யோசனை, இன்றைக்கும் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்யத் தேவைப்படவில்லை.

செயினின் சீக்கு எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்டோரில் பழைய ட்ரையர் ஒன்று இருந்தது, தட்டுகளைச் செயின் சுமந்துகொண்டு போகிற வகை. கொழுந்து கொட்டோ கொட்டென்று வந்த ஒரு நாளில், ஒரு பக்கத்துச் செயின் மற்றதை விட நீண்டு, தட்டுகள் கோணலாகி, உள்ளே சிக்கிக்கொண்டன. ‘செயின் இழுபட்டுவிட்டது’ என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் இரும்பு இழுபடவில்லை. செயின் கண்ணிகளைக் கோக்கிற பின் ஒன்றைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் நகத்தால் சுரண்டின சோப்பு மாதிரி தேய்ந்திருந்தது. ஒவ்வொரு பின்னிலும் ஒரு மயிரிழை, நூற்றுக்கணக்கான பின்னில் அது விரல் கணக்கு. ரோலர் கோஸ்டர் செயினும் இதே மாதிரித்தான் நீளும். நல்ல விஷயம், அதைக் கண்ணால் பார்க்கலாம், அளவுகோல் வைத்து அளக்கலாம், உடைவதற்கு முன்னாலேயே மாற்றலாம். அதைச் செய்ய மலையகத்தில் ஆள் இருக்கிறான்.

உயரம் கூடக் கூட செயின் தன் பாரத்தையே தானே தூக்க வேண்டிய நிலை வரும். ஜப்பானில் 2000இல் திறந்த ஸ்டீல் டிராகன் 97 மீட்டர் உயரம். ஒரே செயின் தாங்காது என்று கீழ்ப்பாதிக்கு ஒன்று, மேல்பாதிக்கு ஒன்று என இரண்டு போட்டார்கள். ஆனால் 2015இல் அமெரிக்காவில் வந்த ஃபியூரி 325 அதைவிட உயரம், 99 மீட்டர், அதுவும் செயினில்தான் ஏறுகிறது. ஆக 40 மீட்டருக்குச் செயின் போதுமா என்று மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

மழைதான் பிரச்சினை. வட்டவளைப் பக்கம் வருஷத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற ஊர். அங்கே திறந்த செயினுக்கு இன்றைக்குப் போட்ட எண்ணெய் நாளைக்கு இருக்காது. எங்கே போகும்? ஓடைக்கு. அந்த ஓடையின் கீழே ஒரு லயம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, இருக்கும், அங்கே குழாய் போட்டிருப்பார்கள். இதை யாரும் திட்ட அறிக்கையில் எழுதமாட்டார்கள். மண்ணில் மக்கிப்போகிற எண்ணெய், செயினுக்கு அடியில் வடிதட்டு, கீழ்நோக்கித் திரும்பி வருகிற பக்கத்துக்கு ஒரு தகர மூடி, இவை இல்லாமல் செயின் வேண்டவே வேண்டாம் என்பேன்.

அடுத்தது கேபிள். நம்ம ஆட்களுக்கு இது புதிதில்லை. மேல் மலையில் பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டி, கம்பியில் மாட்டி, பள்ளத்தாக்கைத் தாண்டி ஸ்டோருக்கு விட்ட காலம் ஒன்று இருந்தது. ரோலர் கோஸ்டரில் ஒரு பெரிய வின்ச் கம்பிவடத்தைச் சுற்றும். வடத்தின் முனையில் ஒரு சின்னப் பிடிவண்டி, அது தொடரைக் கொக்கியில் மாட்டி மேலே கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிக் கீழே வரும். 2000இல் ஒஹாயோ சீடார் பாயிண்டில் திறந்த மில்லேனியம் ஃபோர்ஸ் 94 மீட்டரை 45 பாகைச் சரிவில் இப்படித்தான் ஏறுகிறது. செங்குத்து, வேகம், சத்தமின்மை மூன்றிலும் செயினை விடக் கேபிள் மேல். ஆனால் பிடிவண்டி திரும்பிக் கீழே வரும்வரை அடுத்த தொடர் காத்திருக்க வேண்டும். தொடருக்கு 20 பேர், 90 விநாடிக்கு ஒரு தொடர் என்றால் மணிக்கு 800 பேர். அதில் 30 விநாடி கூடினால் 600 ஆகிவிடும். சீசன் கூட்டத்தில் அந்த 200 பேர் வரிசையில் நின்று முணுமுணுப்பார்கள். இன்னொன்று, கம்பிவடம் உள்ளே நார் விட்டிருப்பது வெளியே தெரியாது. அதைக் காந்தக் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கருவியும் அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் ஹட்டனில் கிடைக்கிற சாமான் இல்லை.

டயரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டு பக்கமும் ரப்பர்ச் சக்கரங்கள் வண்டியின் அடித்தகட்டை அழுத்திப் பிடித்துத் தள்ளும். சின்னப் பிள்ளைகளுக்கான கோஸ்டருக்குத் தங்கமான முறை. ஒரு மோட்டார் போனால் மற்றது இழுக்கும், டயர் தேய்ந்தால் மாற்றிவிடலாம். ஆனால் பிடிப்பு மொத்தமும் உராய்வில்தான் இருக்கிறது. ஜனவரியில் நுவரெலியாவில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் காலையில் 5 டன்னை ரப்பரால் தள்ளிப் பாருங்கள்!

நைட்ரஜன் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் முறையும் இருந்தது. 2003இல் அமெரிக்காவில் டாப் திரில் டிராக்ஸ்டர் என்ற கோஸ்டர் அதைக் கொண்டு மணிக்கு 190 கிலோமீட்டரைத் தாண்டியது. 2024இல் அதே பாதை மறுபடி திறந்தபோது ஹைட்ராலிக்கைக் கழற்றிவிட்டுக் காந்தம் போட்டிருந்தார்கள். அதே குடும்பத்துக் கிங்டா கா 2025 பெப்ரவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்தக் கதையை இத்தோடு விட்டுவிடலாம்.

இனி மருமகனின் காந்தம். வட்டமான மோட்டாரை ஓரிடத்தில் வெட்டி நீளமாக விரித்துப் போட்டால் எப்படி இருக்கும்? அதுதான் லீனியர் மோட்டார். பாதையில் சுருள்கள், வண்டியில் காந்தங்கள், நடுவே ஒரு சின்ன இடைவெளி. ஒன்றையொன்று தொடுவதே இல்லை. தேய்மானம் இல்லை, எண்ணெய் இல்லை, மழைக்குப் பயம் இல்லை. “உங்க ஓடையும் தப்பிச்சது மாமா” என்று சிரித்தான். அது உண்மைதான், ஒத்துக்கொண்டேன். அதைக் கொண்டு உந்தித்தான் விட வேண்டும் என்றும் இல்லை. 2007இல் வந்த மேவரிக் என்ற கோஸ்டரில் முதல் மேட்டை மெதுவாக ஏற்றுவதே லீனியர் மோட்டார்தான்.

மண் அசைகிற மலையில் அந்தச் சின்ன இடைவெளி என்ன ஆகும் என்று கேட்டேன். 2014இல் மீரியபெத்தை மண்சரிவைப் பார்த்தவர்கள் நாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் நம்ம பக்கம் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டவே யோசிக்க வேண்டும். இதில் அவன் என்னை மடக்கிவிட்டான். சுருளும் வண்டியின் சக்கரமும் ஒரே பாதையைத்தான் பிடித்திருக்கின்றன, நிலம் கொஞ்சம் இறங்கினாலும் இடைவெளி மாறாது, மாறாக உங்கள் செயின்தான் பல்சக்கரம் கோணினால் பக்கவாட்டில் தேயும் என்றான். சரி, அந்தப் புள்ளி அவனுக்கு.

ஆனால் கரண்ட்? 1999இல் புளோரிடாவில் திறந்த ஹல்க், டயர்களால் உந்தி விடுகிற கோஸ்டர். ஒவ்வொரு உந்தலுக்கும் சில விநாடிக்கு 8 மெகாவாட் வேண்டும் என்பதால், ஊர் விளக்கு மங்காதிருக்கப் பெரிய சுழல்சக்கரங்களில் ஆற்றலைச் சேமித்துவைத்து எடுக்கிறார்கள். நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், 1950இல் பழைய லக்சபானவில் முதலில் ஓடத் தொடங்கிய மூன்று டர்பைன்களும் சேர்ந்தே 25 மெகாவாட்தான். அதில் ஒரு டர்பைனை ஒரு விளையாட்டு வண்டி சில விநாடிக்குக் கேட்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது என்றார்கள். எங்கள் தோட்டத்தில் குரங்குக்கா பஞ்சம்?

இரண்டு பேரும் இப்படி மோதிக்கொண்டிருந்தபோது, அவன்தான் ஒரு பில்லின் பின்பக்கத்தில் படத்தைத் தலைகீழாக வரைந்தான். ஸ்டேஷனை ஏன் கீழே வைக்க வேண்டும்? மட்டமான நிலத்தில்தான் முதலில் ஏறி, பிறகு விழ வேண்டும். நமக்கு மலை சும்மா கிடைத்திருக்கிறது. பாதை மேலே பஸ் நிற்கிற இடத்தில் தொடங்கி, தேயிலைக்கு நடுவே சரிந்து கீழே போய், கடைசியில் ஏறி வரட்டும். அமெரிக்காவின் போல்டர் டாஷ் 2000இலிருந்து மலைச்சரிவை ஒட்டியே ஓடுகிறது. கம்பங்கள் குட்டையாகும், கோபுரம் வேண்டாம், காற்றுக்கும் பயம் குறைவு.

அப்படி வைத்துவிட்டால் உந்தித் தள்ளுகிற கவர்ச்சிக்கே வேலை இல்லை. கடைசியில் ஆட்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாக, மூடுபனிக்குள் ‘டக் டக்’ என்று ஏறி வந்தால் போதும். ஆனால் கீழே வேகமாக வந்து சேர்கிற தொடரைச் செயின் பிடிக்கும் வேகத்துக்கு அடக்க வேண்டுமே? அங்கே அவன் காந்தத் தகடுகளை வைத்தான். கரண்ட் இல்லாமலே பிடிக்கிற பிரேக், மழையிலும் அதே பிடி. ஆனால் வேகம் குறையக் குறைய அதன் பிடியும் குறையும், முழுதாக நிறுத்தாது. கீழே சமதளம் என்பதால் கடைசி நாலைந்து மீட்டரைத் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு சோடி டயர் பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பில் இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது. செயினுக்கு அடியில் வடிதட்டை நான் வரைந்தேன். அதன் பக்கத்தில் அவன் எழுதியிருக்கிறான்: “காலை ஆறு மணிக்கு 80 மீட்டர் படி ஏறி இதைப் பார்க்கிறது யார்? உங்க முழங்காலைக் கேட்டுட்டுச் சொல்லுங்க.”