எச்பி 48ஜி கால்குலேட்டருக்குப் படம் வரையும் நிரல் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

எனக்குப் பணமும் போய், மூன்று இரவும் போனது. வேறு யாருக்கும் இப்படி நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

"இந்தக் கருவியிலேயே ஓட்டிப் பார்த்தது" என்று உறுதி சொல்லித்தான் ஒருவர் இந்த நிரலை எனக்கு விற்றார். வந்தது அச்சிட்ட தாள்கள். முழுத்திரைப் படம் 131க்கு 64 புள்ளி. வரிக்கு 34 ஹெக்ஸ் இலக்கம் (0 முதல் 9 வரை, அதன்பின் ஏ முதல் எஃப் வரை என்ற பதினாறில் ஒன்று), ஆக மொத்தம் 2176. ஒவ்வொன்றாக அடித்து முடித்து ஓட்டினால், படத்துக்குப் பதிலாகப் பல் பல்லாக உடைந்த கோடுகள். விற்றவரிடம் கேட்டேன். "நீங்கள்தான் தப்பாக அடித்திருப்பீர்கள்" என்றார். அதை நம்பி முழுவதையும் திரும்ப அடித்தேன். அதே கோடுகள்.

பிறகு சின்னதாக ஒரு கிராப், அதாவது இந்தக் கருவி படத்தை வைத்துக்கொள்ளும் வடிவம், செய்து பார்த்தேன்: அகலம் 8, உயரம் 1, தரவு 1, 0 என்ற இரண்டு இலக்கம். இடது ஓரப் புள்ளி மட்டும் கறுத்தது. அதாவது இந்தக் கருவியில் நான்கு புள்ளிக்கு ஓர் இலக்கம். 1 என்றால் இடக்கோடி, 8 என்றால் வலக்கோடி. வாங்கிய படத்தைச் சுற்றி ஒரு சட்டம் உண்டு. அதன் இடது கோடு சரியாக விழ, எல்லா வரியும் 1இலோ அதுபோன்ற ஒற்றைப்படை இலக்கத்திலோ தொடங்க வேண்டும். தாளில் வரிக்கு வரி 8! இடவலம் நேர்மாறான வேறு ஏதோ கருவிக்கு எழுதியதை அப்படியே தலையில் கட்டியிருக்கிறார். இதில் ஒருமுறை ஓட்டியிருந்தாலே தெரிந்திருக்கும்.

1ஐ 8ஆக, 2ஐ 4ஆக, 3ஐ சியாக, 5ஐ ஏயாக, 7ஐ இயாக, பியை டியாக, இவற்றை எதிர்த்திசையிலும் மாற்றினேன். 0, 6, 9, எஃப் மாறாது. படம் வந்தது, ஆனால் நடுப்பகுதி மட்டும் நான்கு புள்ளி இடப்பக்கம் நகர்ந்திருந்தது. எண்ணிப் பார்த்தால் 21வது வரியில் 33 இலக்கம், 50வது வரியில் 35. மொத்தம் சரியாக வந்ததால் இரண்டு தடவையும் கண்ணில் படவில்லை. பிழை என் விரலில் இல்லை, தாளிலேயே இருந்தது.

வரி எண்களோடு எழுதி அனுப்பினேன். அதன்பின் பதிலே இல்லை, பணமும் திரும்பவில்லை.

பணம் கொடுக்கும் முன் படத்தின் செக்சம், அதாவது தரவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண், கேளுங்கள். கருவியிலுள்ள பைட்ஸ் கட்டளை செக்சத்தையும் அளவையும் சேர்த்தே காட்டும். முழுத்திரை கிராப் என்றால் அளவு 1098 பைட். உண்மையில் ஓட்டிப் பார்த்தவருக்கு அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். தயங்கினால் வாங்காதீர்கள்.