பாய்லர் புகைக்கு வாங்குன ஹை சர்ஃபேஸ் சுண்ணாம்பு, ஆறு மாசம் ஓட்டிப் பாத்தாச்சு

எங்களோடது 20 டன் நிலக்கரி பாய்லர், பேக் ஃபில்டருக்கு (புகைய வடிகட்டுற துணிப்பைங்க) முன்னாடி டக்ட்லயே, அதாவது புகைக் குழாய்லயே, சுண்ணாம்புப் பொடிய ஊதி எஸ்ஓ2 (சல்ஃபர் டை ஆக்சைடு) பிடிக்கிற சிஸ்டம். முன்னாடி சாதா ஹைட்ரேட்டட் லைம் (நீத்த சுண்ணாம்பு)தான், மணிக்கு 90 கிலோ ஊதுனாலும் ஆன்லைன் மீட்டர் லிமிட்ட ஒட்டியே நிக்கும், நைட் ஷிஃப்ட்ல லோடு ஏறுனா எனக்கு ஃபோன் வந்துரும். பேப்பர் கணக்குப்படி ஒரு கிலோ எஸ்ஓ2வுக்கு 1.16 கிலோ சுண்ணாம்பு போதும், நாங்க கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கொட்டிட்டு இருந்தோம்.

பர்சேஸ்ல எல்லாரும் பியூரிட்டி 90க்கு மேலயான்னு மட்டும்தான் கேப்பாங்க, நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனா துகளோட வெளிப்பக்கம் வினை நடந்து கால்சியம் சல்ஃபைட்டா மாறும்போது அது ஊதிப்போய் துவாரத்த அடைச்சுடுது, உள்ள இருக்குற நல்ல சுண்ணாம்பு அப்படியே சாம்பலோட சாம்பலா வெளிய போகுது. காசு போறது அங்கதான். துவாரத்தையும் சேத்து மேற்பரப்பு சாதா பொடியில கிராமுக்கு 15-20 சதுர மீட்டர், இந்த ஹை சர்ஃபேஸ் பொடியில 40, அதாவது ஒரு கிராமுக்குள்ள 430 சதுர அடி, ஒரு சிங்கிள் பெட்ரூம் வீடு! சுண்ணாம்பு நீத்துற தண்ணியில கொஞ்சம் கிளைகால் (glycol) கெமிக்கல் கலந்து இப்படி கொண்டு வர்றாங்களாம், வெத்தலைக்கு நீத்துற ஆளுங்ககிட்ட சொன்னா சிரிப்பாங்க.

ரிசல்ட் சொல்லணும்னா இப்ப 60 கிலோல ஓடுது, மீட்டரும் அடங்கி இருக்கு. கிலோ விலை ஜாஸ்திதான், ஆனா சாம்பல் லோடும் குறைஞ்சதால கணக்கு நேராகுது. பேக் ஃபில்டர் துணிய காத்தடிச்சு உதறுற பல்ஸ் இடைவெளிய கொஞ்சம் நீட்டி விட்டோம், துணி மேல படியுற பொடி அடுக்குலயும் (கேக்) நல்லா வேலை நடக்குது (டிபி, அதாவது ஃபில்டருக்கு ரெண்டு பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசம், ஏறுதான்னு பாத்துக்கோங்க, நாங்க முதல் நாள் ஓவரா நீட்டி, புகைய இழுக்குற ஐடி ஃபேன் திணறிருச்சு).

குறை இல்லாம இல்ல. ரொம்ப நைஸ் பொடி, ஹாப்பர்ல (பொடி கொட்டுற தொட்டி) கீழ இறங்காம பாலம் கட்டி நிக்குது, வைப்ரேட்டர் இல்லன்னா சுத்தியலோட ஒரு ஆள் நிக்கணும். அதவிட எரிச்சல் பேக்கிங்தான், 25 கிலோ மூட்டைக்குள்ள இருக்குற லைனர் ரெண்டாவது லோடுல பாதி கிழிஞ்சு வந்துச்சு, மழை நேரம் வேற, காத்துல இருக்குற ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் பட்டு பொடி கட்டி கட்டியா கால்சியம் கார்பனேட்டா மாறிட்டு இருந்துச்சு. சப்ளையர்கிட்ட கேட்டா சர்டிஃபிகேட்ட திரும்ப மெயில்ல அனுப்புறார், சர்டிஃபிகேட்டையா நான் டக்ட்ல ஊதுறது?

அதுலேர்ந்து லாரி வந்ததும் இறக்க விடாம நாலு மூட்டையில சாம்பிள் எடுக்குறோம், கேன்டீன்லேர்ந்து சக்கரை வாங்கி தண்ணியில கரைச்சு அதுல பொடியப் போட்டு ஆசிட் டைட்ரேஷன், நிறம் காட்டுற பினால்ஃப்தலீனோட பிங்க் எவ்ளோ ஆசிட்ல மறையுதுன்னு பாத்தா உசுரோட இருக்குற சுண்ணாம்பு எவ்ளோன்னு அரை மணி நேரத்துல தெரிஞ்சிடும். போன லோடு பாஸ். அதுக்கு முந்தின லோடுல 11 மூட்டைய அதே லாரியில திருப்பி ஏத்தி விட்டேன்.