வரிவரியாக சாக்கெட் வாசிக்க: பைத்தான் அசிங்க்ஐஓவின் ஸ்ட்ரீம்ரீடர்

நெட்வொர்க்கில் டேட்டாவைக் கொண்டுசெல்லும் நெறிமுறையான டிசிபிக்குச் செய்தி என்றால் என்னவென்றே தெரியாது. பைட்டுகள் வரிசை மாறாமல் வரும், அவ்வளவுதான். ஒரே தடவையில் அனுப்பியது இரண்டு துண்டாக வரலாம், இரண்டு தடவை அனுப்பியது ஒட்டிக்கொண்டு வரலாம். செய்தியின் முடிவைக் காட்டும் டிலிமிட்டர் வைத்து அதைப் பிரிக்கும் வேலையை, பைத்தானின் அசிங்க்ஐஓ நூலகத்தில் உள்ள ஸ்ட்ரீம்ரீடரின் ரீட்அன்டில் அருமையாகச் செய்கிறது. வரி முடிவைக் குறிக்கும் சிஆர், எல்எஃப் என்ற இரண்டு பைட்டுகளில் சிஆர் ஒரு பாக்கெட்டிலும் எல்எஃப் அடுத்ததிலும் வந்தாலும் கோட்டைவிடாது. வந்த பைட்டுகள் சேர்ந்திருக்கும் பஃபரை முதலிலிருந்து தேடாமல், டிலிமிட்டரின் நீளத்தில் ஒரு பைட் குறைவாகப் பின்வாங்கித் தொடர்கிறது. பைத்தான் 3.13 முதல் பல டிலிமிட்டர்களை டியூப்பிளாகவும் கொடுக்கலாம்.

எல்எஃப் வரை ஒரு வரியை வாசிக்கும் ரீட்லைனை நெட்வொர்க்கில் நம்பாதீர்கள். "தொகை=5000" வந்துகொண்டிருக்கும்போது எதிர்முனை மூடிக்கொண்டால், "தொகை=50" என்று முழு வரிபோலவே கையில் கொடுத்துவிடும். கடைசி பைட் எல்எஃப்தானா என்று நாம்தான் பார்க்க வேண்டும். ரீட்அன்டில் அப்போது இன்கம்ப்ளீட்ரீட்எரர் எழுப்பும், இதுதான் சரி.

பெரிய பள்ளம் லிமிட்டில், அதாவது ஒரு செய்தி எவ்வளவு நீளம் இருக்கலாம் என்ற வரம்பில் இருக்கிறது. இயல்பாக 64 கிபி, அதாவது 65,536 பைட். இணைப்பைத் திறக்கும்போதே மாற்றலாம். மீறினால் ரீட்அன்டில் லிமிட்ஓவர்ரன்எரர் எழுப்பிவிட்டு டேட்டாவை பஃபரிலேயே விட்டுவைக்கும். அதைப் பிடித்து லாக் எழுதிவிட்டு லூப்பில் மறுபடி அழைத்தால், எங்கும் காத்திருக்காமல் அதே எரர் திரும்பத் திரும்ப வரும். எல்லா இணைப்புகளையும் மாறி மாறிக் கவனிக்கும் ஈவென்ட் லூப்பே உறைந்து, மற்ற எல்லா கிளையன்ட்டும் நின்றுபோகும். ரீட்லைனோ வேல்யூஎரர் கொடுக்கும்; எல்எஃப் இன்னும் வரவில்லையென்றால் பஃபரையே துடைத்துவிடும். இன்னும் வந்து சேராத மிச்சம் அடுத்த செய்தியாக வேடமிட்டு நுழையும். அது எவனோ அனுப்பிய கட்டளையாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே மருந்து: இணைப்பை மூடிவிடுங்கள்.

டைம்அவுட் உள்ளே கிடையாது. 3.11 முதல் அசிங்க்ஐஓவிலேயே இருக்கும் டைம்அவுட்டால் சுற்றிக்கொள்ளலாம். பாதியில் ரத்தானாலும் வந்த பைட்டுகள் பஃபரில் பத்திரமாக இருக்கும்.

செய்திக்குள்ளேயே எல்எஃப் வந்தால் அதை வேறு குறியாக மாற்றி எழுதுவது, அதாவது எஸ்கேப் செய்வது, நம் பொறுப்பு. இடைவெளி சேர்த்து அழகுபடுத்தாத ஜேசானில் இந்தத் தொல்லை இல்லை. ஸ்டிரிங்குக்குள் வரும் எல்எஃப் தானாகவே எஸ்கேப் ஆகிவிடும். பைனரி டேட்டா என்றால் டிலிமிட்டரை மறந்துவிட்டு, 4 பைட் நீளத்தை முன்னால் அனுப்பி ரீட்எக்ஸாக்ட்லியால் வாசியுங்கள். அதற்கு அந்த 64 கிபி வரம்பு பொருந்தாது. 4 பைட்டில் 4 ஜிபி வரை எழுதலாம் என்பதால், நீளத்தைப் பார்த்தவுடனேயே உச்சவரம்பைச் சோதித்துவிடுங்கள்.