பழைய தோஸ்த் வாங்குவோர் எந்த வேரியன்ட்டைத் தேர்வு செய்யலாம்: ஒரு மதிப்பீடு

சொந்தமாக ஒரு லோடு வண்டி வேண்டும் என்று முடிவு செய்து, புதிய வண்டியின் முன்பணமும் மாதத் தவணையும் தன் வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகாது என்று கணக்குப் பார்த்துவிட்ட சிறு வியாபாரி, தமிழ்நாட்டில் அடுத்ததாகப் பார்க்கும் வண்டிகளில் ஒன்று பழைய அசோக் லேலண்ட் தோஸ்த். 2011-இல் ஓசூரிலிருந்து வெளிவரத் தொடங்கிய வண்டி என்பதால் உதிரிபாகத்துக்கும் மெக்கானிக்குக்கும் இங்கே அலைய வேண்டியதில்லை. வாங்கலாமா என்ற கேள்வியை விட எந்தத் தோஸ்த்தை வாங்குவது என்ற கேள்விதான் கடினமானது. ஒரே ஆண்டில் தயாரான, ஒரே நிறத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளுக்குள் ஸ்டியரிங், ஏசி, சுமைத்திறன், புகைத் தரம் ஆகிய நான்கிலும் வேறுபாடு இருக்கலாம். விற்பவர் அவற்றுள் தனக்குச் சாதகமானதை மட்டும்தான் சொல்லுவார். எந்த வசதியைப் பிறகு கடையில் கொடுத்துப் பொருத்திக்கொள்ள முடியாதோ அதற்கு மட்டுமே கூடுதல் விலை கொடுக்கலாம் என்ற அளவுகோலை வைத்து இந்த வண்டியின் வேரியன்ட்களை இங்கே பார்க்கிறேன்.

அசோக் லேலண்டும் ஜப்பானின் நிஸானும் கூட்டாகத் தொடங்கிய முயற்சியில் பிறந்த வண்டி இது. 2016-இல் நிஸானின் பங்கை லேலண்டே வாங்கிக்கொண்டது. 1,478 சிசி கொள்ளளவும் மூன்று சிலிண்டரும் கொண்ட டர்போ டீசல் எஞ்சின், காமன் ரயில் முறையில் டீசலைப் பீய்ச்சுகிறது. முதலில் வந்த வண்டிகளின் திறன் 55 குதிரைத்திறன், அறிவிக்கப்பட்ட சுமைத்திறன் ஒன்றேகால் டன். முன்னால் பானெட் கிடையாது. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழேதான் எஞ்சின் இருக்கிறது. இதனால் வண்டியின் மொத்த நீளத்தில் சரக்குக்கு அதிக இடம் கிடைக்கிறது, குறுகிய கடைவீதியில் திருப்புவதும் எளிது. அதற்கு விலையாக, எஞ்சின் சூடு முழுவதும் கேபினுக்குள் ஏறுகிறது.

அறிமுகமான காலத்திலிருந்து எல்இ, எல்எஸ், எல்எக்ஸ் என்ற மூன்று பெயர்களில் தோஸ்த் விற்கப்பட்டது. எல்இ அடிப்படை வண்டி, அதில் பவர் ஸ்டியரிங் இல்லை. எல்எஸ் வண்டியில் பவர் ஸ்டியரிங் உண்டு. எல்எக்ஸ் வண்டியில் பவர் ஸ்டியரிங்குடன் ஏசியும் சேர்ந்து வரும். பழைய வண்டிச் சந்தையில் எல்இ மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு டன்னுக்கு மேல் ஏற்றிக்கொண்டு காய்கறிச் சந்தைக்குள் நுழையும் வண்டி, ஓடும் நேரத்தை விட முன்னும் பின்னும் நகர்ந்து இடம் தேடும் நேரமே அதிகம். ஓட்டுநர் இருக்கை முன்சக்கரங்களுக்கு மேலேயே அமைந்த வண்டியில் அந்த நேரத்தில் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். வெளியில் பவர் ஸ்டியரிங் பொருத்தித் தருகிறோம் என்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பம்பு, அதை இழுக்கும் பெல்ட், எண்ணெய்க் குழாய்கள், ஸ்டியரிங் பெட்டி ஆகிய எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். தொழிற்சாலையில் பொருத்தியதன் நம்பகம் அதில் கிடைப்பது அரிது. சம்பளத்துக்கு ஓட்டுநர் வைப்பவருக்கு இன்னொரு காரணமும் உண்டு: பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் நல்ல ஓட்டுநர் நிலைத்திருக்க மாட்டார்.

ஏசி விஷயத்தில் என் கருத்து சற்று மாறுபட்டது. சரக்கு வண்டிக்கு ஏசி ஆடம்பரம் என்பவர்கள், மே மாதத்தில் எஞ்சினுக்கு மேல் உட்கார்ந்து திருச்சியிலிருந்து சென்னை வரை ஓட்டிப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்ற மத்திய அரசின் விதி மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே பொருந்துவதால், தோஸ்த் வகை வண்டிகளில் அது இன்றும் கூடுதல் வசதியாகவே இருக்கிறது. அப்படியென்றால் எல்எக்ஸ் வாங்கலாமா என்றால், ஏசி ஓடும் நிலையில் இருந்தால் வாங்கலாம். பழைய எல்எக்ஸ் வண்டிகளில் கேஸ் ஒழுகியோ கம்ப்ரஸர் கெட்டோ ஏசியை ஓட்டாமலே விட்டிருப்பதுண்டு. சில வண்டிகளில் பெல்ட்டையே கழற்றியிருப்பார்கள். “கேஸ் அடித்தால் போதும்” என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், அந்த வண்டியை எல்எஸ் விலைக்குத்தான் கேட்க வேண்டும். ஓடும் ஏசி என்றால், சுமையோடு ஒரு மேம்பாலம் ஏறும்போது அதைப் போட்டுப் பாருங்கள். ஐம்பத்தைந்து குதிரைத்திறனில் கம்ப்ரஸருக்கும் பங்கு போகும்போது எஞ்சின் எவ்வளவு திணறுகிறது என்பது அங்கேதான் தெரியும்.

வண்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் எல்எஸ், எல்எக்ஸ் என்ற எழுத்துகளை விட, ஆர்சியில் பதிவாகியிருக்கும் மொத்த எடை முக்கியமானது. வண்டியின் சொந்த எடையும் அது ஏற்றலாம் என்று அனுமதிக்கப்பட்ட சுமையும் சேர்ந்ததே அந்த எண். சாதாரணத் தோஸ்த் ஒன்றேகால் டன் ஏற்றும். ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டையில் கணக்கிட்டால் 25 மூட்டை. 2017-இல் வந்த தோஸ்த் பிளஸ் 1,475 கிலோ ஏற்றும். அதாவது 29 மூட்டை. 2020-இல் வந்த படா தோஸ்த் வரிசையில் ஐ4 என்ற வண்டி ஏறத்தாழ 1.8 டன் ஏற்றுகிறது, அதன் சரக்குத் தளம் ஒன்பது அடிக்கு மேல் நீளமானது. பெரியதையே வாங்கிவிடலாமே என்று தோன்றும் இடத்தில்தான் சட்டம் குறுக்கே வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவின்படி, மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்குப் பெர்மிட் தேவையில்லை. தோஸ்த்தும் தோஸ்த் பிளஸும் இந்த எல்லைக்குள் அடங்கும். படா தோஸ்த் ஐ4 அடங்காது. மாவட்டத்துக்குள் மட்டும் ஓடும் மளிகைக் கடைக்காரருக்கு இந்த வேறுபாடு, பெர்மிட்டுக்கான அலைச்சல் உண்டா இல்லையா என்பதையே தீர்மானிக்கிறது.

சிறிய வண்டியை வாங்கி அதிகம் ஏற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் புரோக்கர்களும் உண்டு. 2019-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அதிகச் சுமைக்கான அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அபராதத்தை விட எனக்குக் கவலை தருவது, அந்த நோக்கத்துக்காக வண்டியில் செய்யப்பட்டிருக்கும் மாற்றங்கள். பின்புற ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டிருந்தால் அதை ஒரு சிறப்பாகவே சொல்லி விலை கேட்பார்கள்: “எவ்வளவு ஏற்றினாலும் வண்டி குனியாது.” குனியாது என்பதுதான் சிக்கல். தோஸ்த்தின் பின்பக்க பிரேக்கில் எல்எஸ்பிவி என்ற வால்வு இருக்கிறது. சேசிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் இடையிலுள்ள தூரத்தை வைத்துச் சுமையை அறிந்து, சுமை கூடும்போது பின்சக்கரத்துக்கு அதிக பிரேக் அழுத்தத்தை அனுப்புவது அதன் வேலை. பட்டையைக் கூட்டிய வண்டி சுமையோடு இருக்கும்போதும் தாழாததால், வால்வு அதை வெறும் வண்டி என்றே எடுத்துக்கொள்கிறது. நிறையச் சுமை இருக்கும் நேரத்தில் பின் பிரேக் குறைவாகப் பிடிக்கும், முன் டிஸ்க்கும் பேடும் சீக்கிரம் தேயும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் போய் உருளைக்கிழங்கு ஏற்றி இறங்கும் வண்டியில் இது என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. வண்டிக்கு அடியில் குனிந்து, பட்டைகளுள் ஏதேனும் ஒன்று மட்டும் புதிதாகவோ வேறு தடிமனிலோ இருக்கிறதா, வால்வின் கம்பி கழற்றிக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது, டயர் பார்ப்பதை விட அவசியம். தொழிற்சாலையிலிருந்தே அதிகச் சுமைக்கென வந்த தோஸ்த் பிளஸ் இருக்கும்போது, பட்டை கூட்டிய தோஸ்த்துக்கு அதே விலை கொடுப்பதில் பொருளில்லை.

பாடியைத் தேர்வு செய்வது ஏற்றும் சரக்கைப் பொறுத்தது. திருப்பூரில் பனியன் பண்டல் ஏற்றுபவருக்கு எடை எல்லையை எட்டுவதற்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். அவருக்கு உயரமான மூடிய பாடி வேண்டும். இரும்புக் கம்பியோ டைல்ஸோ ஏற்றுபவருக்கு மூன்று பக்கமும் இறக்கிவிடக் கூடிய திறந்த பாடிதான் வசதி. மூடிய கன்டெய்னர் பாடியின் எடை வண்டியின் சொந்த எடையில் சேரும் என்பதால், ஏற்றக் கூடிய சுமை அந்த அளவுக்குக் குறைகிறது. திறந்த பாடியாகப் பதிவான வண்டியில் பிறகு கூண்டு கட்டியிருந்தால், அந்த மாற்றம் ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போகும் நாளில் அதைப் பிரித்துவிட்டு வரச் சொல்லலாம். மீன் ஏற்றிய வண்டியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், காசிமேடு பக்கத்தில் ஓடிய வண்டிகளில் ஐஸும் உப்புத் தண்ணீரும் வழிந்து பாடியின் அடித்தளத்தையும் சேசிஸின் குறுக்குச் சட்டங்களையும் அரித்திருக்கும். மேலே புதுப் பெயின்ட் அடித்திருப்பதால் அது தெரியாது. அடியில் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பார்த்தால் தெரியும்.

புகைத் தரத்தைப் பொறுத்தவரை, 2017 ஏப்ரலுக்கு முன் விற்ற வண்டிகளில் பிஎஸ் (பாரத் ஸ்டேஜ்) 3, பிஎஸ் 4 இரண்டும் உண்டு. அதன்பிறகு 2020 மார்ச் வரை பிஎஸ் 4 மட்டும். அதற்குப் பிறகு பிஎஸ் 6. பிஎஸ் 3 வண்டிகளின் வயதே இப்போது அவற்றுக்கு எதிராக இருக்கிறது. பிஎஸ் 6 டீசல் வண்டிகளில் பொதுவாகப் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. அது தானாகச் சுத்தமாக வண்டி சற்று நேரம் தொடர்ந்து நல்ல வேகத்தில் ஓட வேண்டும். ஊருக்குள்ளேயே இரண்டிரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் தண்ணீர் கேன் வண்டியாக அது இருந்திருந்தால், வடிகட்டியின் நிலையை ஸ்கேனர் வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஆகவே ஊருக்குள் ஓட்டுபவருக்கு நான் முதலில் சொல்வது 2017-க்கும் 2020-க்கும் இடைப்பட்ட பிஎஸ் 4 தோஸ்த் எல்எஸ். சுமை ஒன்றேகால் டன்னை அடிக்கடி தொடுமானால் அதே காலத்துத் தோஸ்த் பிளஸ். நெடுஞ்சாலையில் நாளெல்லாம் ஓட்டுபவர் பிஎஸ் 6 வண்டிக்குப் போகலாம், ஏசியுள்ள எல்எக்ஸுக்குப் பணம் கொடுப்பதும் அவருக்கு நியாயமே. தலைநகர் தில்லிப் பகுதியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு வந்த கட்டுப்பாட்டால் அங்கிருந்து பிற மாநிலங்களுக்கு மலிவாக வண்டிகள் வருவதுண்டு; என்ஓசி (தடையில்லாச் சான்று), வரி, மறுபதிவு ஆகிய செலவுகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

விளம்பரத்தில் முதலில் சொல்லப்படும் மியூசிக் சிஸ்டம், புது சீட் கவர், எல்இடி விளக்குகள், ஏர் ஹாரன் ஆகியவற்றுக்கு ஒரு ரூபாயும் கூடக் கொடுக்க வேண்டாம். முன்னால் பொருத்தியிருக்கும் கனமான பம்பர் கம்பிகள் மத்திய அரசு 2017-இலேயே சட்டவிரோதம் என்று அறிவித்தவை. வாங்கியவுடன் கழற்ற வேண்டியிருக்கும் பொருளுக்கு விலை கேட்கிறார்கள்.

மஹிந்திரா பொலிரோ பிக்கப்பை இதனுடன் ஒப்பிட்டுக் கேட்பவர்கள் பலர். இரண்டரை லிட்டர் எஞ்சினும் முன்னால் பானெட்டும் கொண்ட அந்த வண்டி, மோசமான மண்சாலைக்கும் குவாரிப் பக்கத்துக்கும் தோஸ்த்தை விடத் தோதானது, கேபினும் இவ்வளவு சூடாகாது. ஆனால் அதிலும் சுமைத்திறனுக்கு ஏற்பப் பல வேரியன்ட்கள் உண்டு, 3,000 கிலோ எல்லை அதற்கும் பொருந்தும்.

எந்த வேரியன்ட் என்பதை ஸ்டிக்கரை வைத்து நம்பாமல் ஆர்சியில் உள்ள மாடல் பெயரை வைத்து உறுதி செய்ய வேண்டும். எல்இ வண்டியில் எல்எஸ் ஸ்டிக்கர் ஒட்ட அதிகச் செலவாகாது. எம்பரிவாஹன் செயலியில் பதிவு எண்ணைத் தட்டினால் மாடல், புகைத் தரம், எஃப்சி, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்பவை தெரியும். கடன் பதிவு இருந்தால் நிதி நிறுவனத்தின் என்ஓசியும் அந்தப் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்கள் அதற்குப் பிறகுதான். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் அதன்பின் ஆண்டுதோறும் எஃப்சி எடுக்க வேண்டும் என்பதால், எட்டை நெருங்கும் வண்டியின் விலையில் அந்தச் செலவையும் கழித்துப் பேசலாம். எஃப்சி முடிய மூன்று மாதத்துக்கும் குறைவாக இருந்தால், விற்பவரே அதை எடுத்துக் கொடுக்கட்டும் என்று கேளுங்கள். பெயின்ட், பிரேக், விளக்கு, பாடி என்று அதற்காக அவர் செய்யும் வேலைகள் வண்டியின் உண்மையான நிலையை வெளியே கொண்டுவரும். இதற்கு மறுப்பவரிடம், ஏன் மறுக்கிறார் என்பது தெரியும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.