கோபால்ட் நீலம் என்ற பெயரில் சாயம் ஏற்றிய சுண்ணாம்புப் பொடி: ஓவியர்கள் கவனத்திற்கு

சமூக ஊடகத்தில் ஓவிய நிறமிகளை விற்கும் ஒரு சிறு கடையிடம் 6,840 ரூபாயை இழந்துவிட்டேன் என்பது நேற்று மாலைதான் உறுதியானது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

நான் சேலத்துக்காரன். சேர்வராயன் மலைச் செம்மண்ணை நீரில் கரைத்துத் தெளியவைத்து, உலர்த்தி அரைத்து, வேலம்பிசின் சேர்த்து நானே நீர்வண்ணம் செய்து பழகியவன். அடுத்த மாதம் லடாக்கின் மரமற்ற மலைகளை அங்கேயே அமர்ந்து வரையப் போகிறேன். அவற்றின் காவிக்கும் பழுப்புக்கும் ஏற்காட்டு மண்ணே போதும். ஆனால், அந்த வறண்ட காற்றில் விளிம்பு கூர்மையாக விழும் நிழல்களுக்கு நல்ல நீலம் வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கடையில் கோபால்ட் நீலம் கேட்டேன்.

கடைக்காரர் அரை மணி நேரம் பேசினார். "அண்ணா, நானும் வெளியில் உட்கார்ந்து வரைகிறவன்தான். லே வெயிலில் மட்டமான நீலம் நிற்காது" என்று அவர் சொன்ன நொடியில் என் தயக்கம் முழுவதும் போய்விட்டது. பொட்டலத்தின் படத்தில் கோபால்ட் நீலத்துக்கான 'பிபி 28' என்ற நிறமிக் குறியீடும் இருந்ததால், மாதிரிகூடக் கேட்காமல் 6,840 ரூபாயையும் ஜிபேயில் அனுப்பிவிட்டேன்.

ஏற்காட்டின் பகோடா பாயிண்டில் அமர்ந்து அந்த நீலத்தால் வானம் தீட்டினேன். தாளின் பாதியை மூடி ஜன்னலோரம் வைத்திருந்தேன். பத்தே நாளில் வெயில் பட்ட பாதி சாம்பலாக வெளுத்தது. கோபால்ட், அலுமினிய ஆக்சைடுகளைக் கடும் சூட்டில் சுட்டுச் செய்யும் உண்மையான நிறமி நீரில் கரையாது, எலுமிச்சைச் சாற்றுக்கும் அசையாது. இதுவோ தம்ளர் நீரை நீலமாக்கிவிட்டு வெண்பொடியாக அடியில் படிந்தது. சாறு விட்டதும் சுண்ணாம்புப் பொடியைப் போல நுரைத்துப் பொங்கியது.

கேட்டபோது, முதலில் பிசின் அளவு தவறு என்றார். பிறகு ஏற்காட்டுப் பனிமூட்டம்தான் காரணம் என்றார். பிரித்த பொட்டலத்தைத் திரும்பப் பெறுவதில்லை என்பது மூன்றாவது பதில். நேற்று என் எண்ணையே தடுத்துவிட்டார். மூன்று மாதம் சேர்த்து வைத்த 6,840 ரூபாய்!

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்திருந்தேன், இப்போது மனம் ஒன்றவில்லை. குறியீட்டின் படத்தை நம்பாதீர்கள். முதலில் பத்து கிராம் மட்டும் வாங்கி, நீரிலும் வெயிலிலும் சோதியுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பாதீர்கள். உரையாடலை அழிக்காதீர்கள், நான் அதை வைத்துத்தான் நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று காலை புகார் பதிந்திருக்கிறேன்.