5 லீற்றர் ஓக் பீப்பா: மாமிக்கு அலுமாரி மணம்

நத்தாருக்குப் போடும் திராட்சை வைனைப் போத்தலில் அடைத்தே பழகிய எனக்கு, கடையில் 5 லீற்றர் ஓக் பீப்பாவைக் கண்டதும் ஆசை வந்துவிட்டது.

முதல் நாள் தண்ணீர் நிரப்பினால் பலகை இடுக்கெல்லாம் கசிவு. விற்றவரிடம் கேட்டேன். "ரெண்டு நாள் பொறுங்கோ, மரம் ஊறினால் தானா அடைபடும்" என்றார். அடைபட்டதுதான். ஆனால் மரக்குழாயின் அடி இன்னும் சொட்டுகிறது. கீழே நிரந்தரமாக ஒரு தேநீர்க் கோப்பை.

பிரான்சின் போர்தோப் பகுதி வைன் பீப்பா 225 லீற்றர். அதில் மாதக்கணக்கில் வைக்கலாம். சின்னப் பீப்பாவில் ஒவ்வொரு லீற்றருக்கும் படும் மரம் அதிகம், சாரமும் வேகமாக இறங்கும். மூன்றாம் கிழமை வனிலாவும் இலேசாகக் கராம்பும் வந்தன, அருமை. அப்போதே எடுத்திருக்க வேண்டும். யாழ்ப்பாணம் போய் எட்டாம் கிழமை திரும்பினேன். பலகையைச் சப்பியது போல நாக்கு இழுத்தது. மாமி மணந்து பார்த்துவிட்டு, "உது பழைய அலுமாரி மணமெல்லோ!" என்றார். சரி, போத்தலில் மிஞ்சிய வைனைக் கலந்து சமாளித்தேன்.

வெள்ளவத்தை ஃப்ளாட்டில் நிலவறைக்கு எங்கே போவது? கட்டிலுக்கு அடியில்தான் வைத்தேன். இந்த வெக்கையில் அளவு இறங்கிக்கொண்டே போகும். கிழமைக்கொரு தடவை நிரப்பாவிட்டால் காற்றுப் பட்டுப் புளித்துவிடும்.

நம்மூர்ச் சாராயத்தை முதிர வைப்பது ஹல்மில்ல என்ற உள்ளூர் மரத் தொட்டியில். அந்த மரத்தில் சின்னப் பீப்பா கிடைத்தால் அடுத்த நத்தாருக்கு வாங்குவேன், குழாய் இல்லாததாகப் பார்த்து.