மொரிஸ் மைனர் பிக்கப்: பழைய எஞ்சினையே பிரிப்பதா, ஜப்பான் எஞ்சின் ஏற்றுவதா?

கொழும்பில் மொரிஸ் மைனர் பிக்கப் வைத்திருக்கும் எவரும் "எஞ்சின் புகை தள்ளுது" என்று வாய் திறந்தால், வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பஞ்சிகாவத்தைக்குப் போய் ஜப்பான் எஞ்சின் ஒண்டு எடுத்துப் போடுங்க, தலையிடி முடிஞ்சுது." பஞ்சிகாவத்தை என்றால் கொழும்பில் பாவித்த வாகனப் பாகங்கள் விற்கும் இடம்; ஜப்பான் எஞ்சின் என்பது ஜப்பானிலிருந்து இறக்கிய பாவித்த எஞ்சின். நான் இதற்கு மறுபக்கம். பிளொக்கும் (எஞ்சினின் உடம்பு) கிராங்க்கும் (அதற்குள் சுழலும் தண்டு) உருப்படியாக இருந்தால், பழைய எஞ்சினை வீட்டிலேயே பிரித்துச் செய்வதுதான் நல்லது என்பேன். ஆனாலும் மாற்றச் சொல்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

எந்தப் பக்கம் சாய்வதற்கும் முன் கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, கொயில் வயரை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிளக் துவாரத்திலும் கொம்பிரஷன் கேஜை வைத்து, அக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால், அந்தப் பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங்ஸ் (பிஸ்டனைச் சுற்றிய வளையங்கள்) அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வ். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்களும் சேர்ந்து விழுந்திருந்தால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். வால்வோ காஸ்கெட்டோ என்றால் எஞ்சினை வெளியே எடுக்கவே தேவையில்லை. ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். இதைப் பார்க்காமல் நல்ல எஞ்சினைத் தூக்கி எறிந்தவர்கள் எத்தனையோ பேர்.

வீட்டு வேலைக்கு இந்த எஞ்சினைப் போல இடம் கொடுப்பது வேறில்லை. பிக்கப் 1953இல் வந்தபோது 803 சிசி, 1956இல் 948, 1962இல் 1098. மூன்றும் பிஎம்சியின் (பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன்) ஏ-சீரிஸ் குடும்பம்தான். வார்ப்பிரும்பு பிளொக், அதற்குள்ளேயே கேம் ஷாஃப்ட், தள்ளுகோல்கள், ஒரு காபரேட்டர். கம்ப்யூட்டர், சென்சர் என்று எதுவும் கிடையாது. ஸ்பேனர் மட்டும் அங்குல அளவில் வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து இழுத்தால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும், அப்புறம் உளியோடுதான் நிற்க வேண்டும்.

வீட்டில் முடியாதது லேத் வேலை. போர் பண்ணுவதும் (சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாக வெட்டுவது) கிராங்க் கிரைண்ட் செய்வதும் பட்டறையில்தான். அங்கே அனுபவமுள்ள பாஸ் (தலைமை மெக்கானிக்) முதலில் சொல்வது இதுதான்: "தம்பி, முதல்ல பிஸ்டனக் கொண்டு வாங்க, அதுக்குப் பிறகுதான் போர்." சரியான பேச்சு. 20 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு) ஓவர்சைஸ் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், கையில் இருக்கும் பிஸ்டனை அளந்துதான் வெட்ட வேண்டும். பிளொக் திரும்பி வந்ததும் ஒவ்வொரு ரிங்கையும் அதன் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்துச் சமமாகத் தள்ளி, முனைகளுக்கு இடையேயான இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். இது பொறுமை வேண்டிய வேலை. அவசரத்தில் இருக்கும் கராஜில் இதற்கு யாரும் நேரம் ஒதுக்க மாட்டார்கள். வீட்டில் செய்யச் சொல்வதற்கு எனக்கு இதுவே பெரிய காரணம்.

வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. புதிதாக வெட்டிய போர் உப்புக்காற்றில் மிகச் சீக்கிரம் துருப்பிடிக்கும். பட்டறையிலிருந்து வந்த உடனே சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, துடைத்து, ஒயில் பூசி, பொலித்தீனால் மூடிவிடுங்கள்.

ஹெட்டைக் கழற்றியிருக்கும்போதே எக்ஸோஸ்ட் வால்வ் சீட்டையும் (புகை வெளியேறும் வால்வ் வந்து அமரும் இடம்) கவனியுங்கள். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. இலங்கையில் 2002இல் ஈயம் நின்றது. அதன் பிறகு வால்வ் மெல்ல மெல்லச் சீட்டுக்குள் இறங்குவது இந்த எஞ்சின்களின் பொதுவான வியாதி. கடினப்படுத்திய சீட் வளையம் போட்டுவிட்டால் அந்தப் பயம் இல்லை.

இனி ஜப்பான் எஞ்சின். டட்சன் ஏ12 போன்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1171 சிசி, கிராங்க்கைத் தாங்க ஐந்து மெயின் பெயாரிங், மொரிஸுக்கு மூன்றுதான். ஏற்றத்தில் இழுவை கூடும், நெடுநேரம் ஓடினாலும் அலுக்காது, பாகங்களும் கிடைக்கும். ஒயில் ஒழுக்கும் குறைவு. மொரிஸில் கிராங்க்கின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது, ஒயிலைத் திருப்பி அனுப்பச் சுருள் வெட்டு மட்டும்தான். அதனால் என்ன செய்தாலும் அதில் சில துளிகள் விழத்தான் செய்யும். பிக்கப்பில் தினமும் புறக்கோட்டைக்குச் சாமான் ஏற்றி இறக்கிப் பிழைப்பவருக்கு நானும் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் கடையில் கேட்கும் விலை எஞ்சினுக்கு மட்டும். அதோடு கியர் பொக்ஸும் மாற வேண்டும், மவுண்டிங் வெட்டி ஒட்ட வேண்டும், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளம் மாறும், ரேடியேட்டர் போதாமல் போகலாம். மொரிஸ் பொசிட்டிவ் எர்த், அதாவது பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் பொடியோடு இணைந்திருக்கும். ஜப்பான் எஞ்சினோடு வரும் ஓல்டர்னேட்டருக்கு வயரிங்கைத் திருப்ப வேண்டும். பிரேக்கோ நான்கு சக்கரத்திலும் சின்ன டிரம், 1098 எஞ்சினின் 48 குதிரைவலுவுக்கு ஏற்றது. வேகத்தைக் கூட்டிவிட்டுப் பிரேக்கை அப்படியே விட்டு கொழும்பு–காலி வீதியில் இறங்குவது உயிரோடு விளையாடுவது. இவ்வளவையும் கூட்டினால், வீட்டில் செய்யும் ஓவர்ஹோலைவிட இது மலிவு என்று யாராலும் சொல்ல முடியாது.

வண்டியின் பதிவுப் புத்தகத்தையும் மறக்காதீர்கள். எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும். கடை ரசீதையும் இறக்குமதிப் பத்திரத்தின் பிரதியையும் காசு கொடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள், பிறகு தேடி அலைய முடியாது. எஞ்சினை வாங்குமுன் ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பாலாடை மாதிரி வெள்ளைப் படிவு இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

முழுதாகக் கராஜில் விடுவது மூன்றாவது வழி. ஏ-சீரிஸ் தெரிந்த பழைய பாஸ் ஒருவர் கிடைத்தால் தாராளமாக விடுங்கள். இல்லாவிட்டால் வண்டி மூலையில் கிடந்து தூசி பிடிக்கும்.

இந்தக் கணக்கெல்லாம் மொரிஸுக்குத்தான். உங்களிடம் இருப்பது டட்சன் 1200 பிக்கப் என்றால் விஷயம் வேறு. அதன் சொந்த எஞ்சினே ஏ12. மவுண்டிங், கியர் பொக்ஸ் எதையும் வெட்டாமல் நல்ல ஏ12 ஒன்று நேராக உட்காரும். போர் மோசமாகத் தேய்ந்த டட்சனுக்கு, யோசிக்காமல் பஞ்சிகாவத்தைக்குப் போங்கள்.